குழாய்க்குள் இருமியது

மெஷினை நிறுத்திய பிறகுதான் அந்த இருமல் கேட்டது.

கல்லுடைக்கும் மெஷின் நின்றதும் காதில் பஞ்சை அடைத்த மாதிரி அந்த அறை அமைதியாகிவிடும். மாடியில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சத்தம் போய்விடக் கூடாதென்று தடித்த கதவு போட்டு, சுவரெல்லாம் அட்டை ஒட்டி வைத்திருந்தார்கள். உள்ளே ஒரு ஆள் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே எட்டாது. அப்படிப்பட்ட நிலவறையில், தூசி இன்னும் விளக்கைச் சுற்றி மிதந்துகொண்டிருக்க, இடித்த கல்லின் எரிந்த வாடை மூக்கில் ஏறிக்கொண்டிருக்க, கூரையை ஒட்டியிருந்த காற்றுக்குழாயின் வாயிலிருந்து ஈரமாக, அவசரமில்லாமல், இரண்டு சின்ன இருமலும் அதன் பின்னாலேயே நெஞ்சைப் பிறாண்டுகிற மாதிரி ஒரு நீள இருமலும் வந்தன.

ஜல்லி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"எவன்டா அது?"

மாடியிலிருக்கும் பொடியன்கள் எவனாவது கூரைமேல் ஏறிக் குழாய்க்குள் இருமி விளையாடுகிறான் என்று நினைத்தார். பல்லை உடைக்க வேண்டும் போல வந்தது. ஆனால் அந்த இருமல் அவருக்குத் தெரிந்த இருமல். இரண்டு சின்னது, ஒன்று நீளம். இதே மேசைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு அப்படி இருமியவன் ஒருவன்தான். அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. அவன் செத்துப் போன மழைக்காலம் போய் அடுத்த மழையும் வரப்போகிறது.

ஜல்லி என்பது அவர் பெயரில்லை. கல்லை உடைத்து ஜல்லியாக்கி, ஜல்லியை மாவாக்கி, மாவைத் தண்ணீர்த் தட்டில் அலசி, அடியில் தங்கும் கனமான மணிகளை மட்டும் மேலே அனுப்புவது அவர் வேலை, பெயர் ஒட்டிக்கொண்டது. மேலே வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கல்லுக்கு வயசு பார்ப்பார்கள். மணலைவிடச் சின்னதான அந்த மணி உருவாகும்போதே அதற்குள் கொஞ்சம் யுரேனியம் மாட்டிக்கொள்ளுமாம். அது தன்பாட்டுக்கு, ஒரே சீராக, ஈயமாக மாறிக்கொண்டே இருக்குமாம். எவ்வளவு மாறியிருக்கிறது என்று மெஷினில் பார்த்தால் நூறு கோடி, இருநூறு கோடி என்று வருஷக்கணக்கு வரும். கல் பிறந்தபோது பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் மாதிரி சொல்வார்கள். ஜல்லிக்கு அதில் பாதிதான் நம்பிக்கை. பக்கத்தில் நின்ற ஆள் செத்துக்கொண்டிருப்பதையே கண்டுபிடிக்காதவர்கள், கல்லின் வயசையா கண்டுபிடித்துவிடப் போகிறார்கள்?

அறையின் தூசியை உறிஞ்சிக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டிய விசிறி கூரைமேல் இருந்தது. அது நின்றுபோய்ப் பல வருஷம். குழாய் அடைத்துவிட்டது, திறந்து சுத்தம் செய்யுங்கள் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். மச்சானின் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்த டாக்டர், "உள்ள நுரையீரலா, கல்லா?" என்று ஜல்லியைத்தான் கேட்டார். சாவுக்கு வந்த ஆய்வுக்கூட இயக்குநர் பூவை வைத்துவிட்டு, "சிகரெட் அதிகமோ?" என்று விசாரித்துவிட்டுப் போனார். மச்சான் வாழ்நாளில் சிகரெட்டைத் தொட்டதில்லை. அன்றைக்கு ஜல்லி முடிவு செய்தார்: அந்தக் குழாயைத் திறக்க வைக்காமல் இந்த வேலையை விட்டுப் போவதில்லை.

"என் தம்பியத் தின்ன ரூமுக்கே மறுபடியும் போறீங்க" என்பாள் மனைவி. "உங்க நெஞ்சையும் ஒரு படம் எடுத்துப் பாருங்களேன்."

அவர் எடுக்கவில்லை. எடுத்தால் சொல்லிவிடுவார்கள்.

சுவரில் தொலைபேசி அடித்தது. மேலே வரச் சொன்னார்கள்.

வயசு பார்க்கும் மேடம் திரையில் ஒரு படத்தைப் போட்டு வைத்திருந்தாள். பாதியாக அறுத்த ஒரு மணி, திரை நிறையப் பெரிதாக்கியது. நடுவில் கறுப்பாக ஒரு கரு. சுற்றிலும் வெங்காயத்தோல் மாதிரி வெளிறிய வளையங்கள்.

"உக்காருங்கண்ணே."

"நிக்கிறேன். சொல்லுங்க."

"நடுவுல இருக்கிறது இருநூறு கோடி வருஷம். அது சரியாத்தான் இருக்கு. சுத்தி ஒரு தோல் வளந்திருக்கு பாருங்க. அதுக்கு என்ன வயசு தெரியுமா?"

"பக்கத்துல இருந்து பாத்த மாதிரி நீங்கதான சொல்வீங்க."

"இருபத்து நாலு."

"கோடியா?"

"வெறும் இருபத்து நாலு வருஷம்ணே." மேடம் கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்தாள். "இந்தத் தோல் பூமிக்கு அடியில, கொதிக்கிற கல்லுக்குள்ளதான் வளரும். அதுக்கு இந்த வயசு வரவே கூடாது. ஒரு கல்லுல வந்திருந்தா விட்டுருவேன். இந்த மாசம் நீங்க அனுப்பின எல்லாக் கல்லுலயும் வருது. உங்க ரூம்லேருந்துதான் என்னமோ கலக்குது. சுத்தமா இல்லன்னு டைரக்டர் சத்தம் போடுறாரு."

ஜல்லிக்குக் காது மடல் சூடேறியது.

"மெஷினோட தாடையக் கம்பி பிரஷ்ஷால தேய்க்கிறேன். சல்லடை, தட்டு, மேசை, தரை, எல்லாம் தேய்க்கிறேன். ஒண்ணே ஒண்ணத்தான் நான் தொடல. மேல இருக்கிற குழாய். அது உங்க பொறுப்பு. அந்தக் குழாய்க்கு ஏற்கெனவே என் மச்சானக் குடுத்தாச்சு மேடம். இன்னும் எவன் வேணும்?"

மேடம் திரையைப் பார்த்தாள், அவரைப் பார்க்கவில்லை.

"சரிண்ணே. ஆள் வரச் சொல்றேன். கூரைலேருந்து துளை போட்டு மொத்தத்தையும் எடுத்துரட்டும். இன்னைக்கே."

"கல்லுல கலப்படம்னா இன்னைக்கே. ஆளு செத்தப்ப மட்டும் யாருக்கும் நேரமில்ல."

கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்கினார். ஜெயித்துவிட்டதாகத்தான் இருந்தது. பாதிப் படியில் கால் நின்றது. இருபத்து நாலு. இதே படியில் மச்சானைத் தோளில் கை போட்டு, "பாத்து இறங்குடா, வழுக்கும்" என்று முதன்முதலாகக் கூட்டி வந்து எத்தனை வருஷம்? விரலை மடக்கிப் பார்த்தார். இன்னொரு முறை மடக்கிப் பார்த்தார். பிறகு கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார், ஏதோ ஒட்டியிருந்த மாதிரி.

கீழே வந்து வெறியோடு தேய்த்தார். தாடையின் இரும்புப் பற்களை ஒவ்வொன்றாக, இடுக்கு இடுக்காகத் தேய்த்தார். பிறகு வெள்ளைக் கல் ஒன்றை எடுத்தார். சுத்தம் பார்ப்பதற்கென்றே வைத்திருந்த கல் அது. உடைத்து அலசினால் அடியில் ஒன்றும் தங்கக் கூடாது. தங்கினால் அழுக்கு அறையில் இருக்கிறது என்று அர்த்தம். உடைத்தார். அரைத்தார். தட்டில் போட்டுத் தண்ணீர் விட்டுச் சுழற்றினார். வெண்மாவு அலையலையாகக் கழன்று போனது. தட்டைச் சாய்த்து விளக்கில் பிடித்தார்.

அடியில் வால் மாதிரி ஒரு சாம்பல் மணிக்கோடு. மினுமினுத்தது.

மேலே, குழாயில், இரண்டு சின்னது.

ஒன்று நீளம்.

"வாய மூடுடா" என்றார் ஜல்லி. கோபமாகத்தான் சொன்னார். குரல்தான் அப்படி வரவில்லை.

தொலைபேசி அடித்தது. மேடம்தான்.

"அண்ணே, ஆளுங்க கூரைக்குப் போயாச்சு. உங்க பக்கத்து மூடியக் கழட்டிருங்க, தூசி கீழ விழட்டும்னு சொல்றாங்க. அப்புறம் ஒரு விஷயம். இன்னொரு தினுசு மணியும் கலந்திருக்கு. அதோட தோலுக்கு முப்பத்தொண்ணு. ஆனா வெளி ஓரத்துக்கு மெஷின்ல வயசே காட்டல. பூஜ்யம். இப்பத்தான் வளந்த மாதிரி. இன்னும் வளர்ற மாதிரி. கேக்குதாண்ணே?"

"கேக்குது."

"உங்களுக்கு ஏதாவது தோணுதா?"

ஜல்லி தொலைபேசியை வைத்துவிட்டார். மச்சானுக்கு ஏழு வருஷம் முன்னால் அவர் இந்த அறைக்கு வந்தவர். இதற்கு விரல் மடக்க வேண்டியிருக்கவில்லை.

ஏணியைச் சாத்தினார். ஏறும்போது மூச்சு வாங்கியது. இப்போதெல்லாம் மூன்றாம் படியிலேயே வாங்குகிறது. மூடியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன. ஒன்று. இரண்டு. மூடி கழன்று கையோடு வந்தது. தலைமேல் கொட்டப்போகும் தூசிக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்.

எதுவும் கொட்டவில்லை. முகத்தில் காற்று பட்டது. சூடாக, ஈரமாக. விட்டுவிட்டு வந்தது.

டார்ச்சை அடித்தார்.

இத்தனை வருஷத் தூசியும் உள்ளே இறுகிக் கல்லாகியிருந்தது. சும்மா இறுகவில்லை. உருவாகியிருந்தது. உள்பக்கம் ஒன்று, மங்கல் சாம்பலாய், காய்ந்து, குழாய் அகலத்துக்கு விரிந்து கிடந்தது. மரத்தைத் தலைகீழாக நட்ட மாதிரி கிளை, கிளைக்குள் கிளை, நுனியெல்லாம் சின்னச் சின்னக் குமிழ். டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய படம் அது. அசையவில்லை. அதற்கு முன்னால், மூடியை ஒட்டி, அவர் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி, இன்னொன்று இருந்தது. இதுவும் கல்தான். ஆனால் பளபளத்தது. நனைந்திருந்தது. ஓரங்கள் இளஞ்சிவப்பாய் இருந்தன.

அது விரிந்தது.

சுருங்கியது.

ஏணியில் நின்றபடி ஜல்லி மூச்சை இழுத்தார். அது விரிந்தது. விட்டார். சுருங்கியது. மூச்சை அடக்கினார்.

அதுவும் அடக்கிக்கொண்டது.

தூரத்தில், குழாயின் மறுமுனையில், கூரையில், ஒரு மோட்டார் உறுமியது. பிறகு இரும்பு கல்லைக் கடிக்கும் சத்தம். முப்பத்தொரு வருஷமாக அவர் காது பழகிய சத்தம்.

"நிறுத்துங்கடா" என்றார்.

கத்தத்தான் நினைத்தார். வாயைத் திறந்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. எதிரே இருந்ததும் இருமியது. கதவு சாத்தியிருந்தது. தடித்த கதவு. கீழே சுவரில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது; ஏணியிலிருந்து கை எட்டாது. இறங்கக் காலை எடுத்தார். கால் படியைத் தேடியது. கண் அதைவிட்டு வரவில்லை.

இரும்பு முதலில் உள்பக்கத்துக் கல்லைத் தொட்டது.

இரண்டு சின்ன இருமல். மூன்றாவது, நீளமானது, பாதியில் அறுந்தது.

சாம்பல் மாவு பொலபொலவென்று அவர் தலையில், கண்ணிமையில், திறந்த வாயில் கொட்டியது. மச்சான். நாக்கில் உப்புக் கரித்தது. மாவு அடங்கியபோது, பளபளக்கும் கல்லின் பின்னாலிருந்து துளைக்கும் முனை சுழன்றுகொண்டு வருவது டார்ச் வெளிச்சத்தில் தெரிந்தது. கல்லின் ஓரம் நடுங்கியது. அவர் விலாவுக்குள்ளும் அதே இடத்தில் நடுங்கியது.

மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அதுவும் பிடித்துக்கொண்டது. இரண்டும் அசையாமல் நின்றன.

கீழே தொலைபேசி நின்றது. குழாய் வழியே கூரையிலிருந்து ஒருவன் உற்சாகமாகக் கேட்டான்:

"அவ்வளவுதான் பெரியவரே, இன்னும் ஒண்ணே ஒண்ணுதான் அடைச்சிருக்கு. எடுத்துரவா?"