துரை பங்களாவின் பின்னறை

சுங்கை சிப்புட் ஊரைத் தாண்டி, ரப்பர் மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நட்ட தோட்டத்தின் நடுவே வெள்ளைக்காரன் காலத்து அந்தத் துரை பங்களா நின்றது. பிரமிளா மோட்டார் சைக்கிளை நிறுத்தியபோது மத்தியான வெயில் கொளுத்தியது. வாசலுக்குள் மட்டும் குளிர்ந்தது.

ஈப்போவில் அவளும் சுரேனும் சேர்ந்து, பூட்டிய அறையிலிருந்து விடை கண்டு வெளியேறும் எஸ்கேப் ரூம் விளையாட்டு நடத்தினார்கள். அதன் புதிர்கள் எல்லாம் அவளுடையவை. அவன் பிரிந்துவந்து இங்கே தனியாக ஒன்று திறந்ததை இப்போது ஊரே மெச்சுகிறது. குறை கண்டுபிடிக்கத்தான் வந்திருந்தாள்.

“புதிரெல்லாம் யாரு செஞ்சு கொடுத்தது? உனக்கு இவ்வளவு வராதே.”

“நான் செய்யல லா. வாடகைக்கு எடுத்தப்பவே உள்ள இருந்துச்சு.” சுரேன் அவள் முகத்தைப் பார்க்காமல் வாக்கி டாக்கியை நீட்டினான். “பின்னால ஒரு ரூம் இருக்கு. அத மட்டும் இன்னும் யாரும் திறக்கல.”

பொய். இவனுக்குப் புதிர் செய்து கொடுக்க எவளோ ஒருத்தி இருக்கிறாள்.

அவள் உள்ளே போனதும் வெளிக்கதவு பூட்டிக்கொண்டது. புளித்த ரப்பர் பாலின் வாடை. பக்கச் சுவரில் நான்கு ரப்பர் மரங்களின் ஓவியம், பால் வெட்டுகள் வெவ்வேறு உயரத்தில், ஒவ்வொன்றின் கீழும் ஒரு கொக்கி. மேசையில் தண்ணீர் ஊற்றிய நான்கு மங்குகள், மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணங்கள். தட்டினாள், ஒவ்வொன்றும் ஒரு சுருதி. உயர்ந்த வெட்டுக்கு உயர்ந்த சுருதி என்று மரங்களில் மாட்டினாள். வெளிக்கதவு திறந்தது. எல்லாரும் இத்தோடு போயிருப்பார்கள். அவள் திரும்பிப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்தில் மங்குகளின் நிழல்கள் நான்கும் பின்சுவரில் ஒரே பலகையில் வந்து சேர்ந்திருந்தன.

ஊகிக்க ஒன்றுமில்லை. கவனித்தால் போதும்.

இப்படியொன்று தனக்குத் தோன்றவில்லையே என்று வயிறு எரிந்தது. அந்த ஒருத்தி இன்னும் என்னதான் செய்து வைத்திருக்கிறாள், பார்த்துவிடலாம். பலகையை அழுத்தி உள்ளே நுழைந்தாள்.

குளிர்ந்த ஏதோ ஒன்று தோளை உரசிக்கொண்டு வெளியேறியது.

கதவு மூடிக்கொண்டது.

இருட்டு. தடவிப் பார்த்தாள். இந்தப் பக்கம் பிடியே இல்லை.

“சுரேன்,” கிசுகிசுத்தாள். “கதவத் திற.”

வாக்கி டாக்கியில் அவன் வேறு யாரிடமோ பேசுவது கேட்டது. “அதுக்குள்ள வந்துட்டியா? பின்னால திறந்துச்சா?”

“அங்க ஒன்னும் இல்ல,” என்றது ஒரு பெண் குரல். “வா, சாப்பிடப் போலாம்.”

அது பிரமிளாவின் குரல்.

சுரேன் சிரித்தான். அவளிடம் ஒருநாளும் அவன் அப்படிச் சிரித்ததில்லை. பயத்தையும் முந்திக்கொண்டு அந்தக் குரலின்மேல் பொறாமை வந்தது.

பிறகுதான் கத்தினாள். உள்ளங்கை எரிய எரியக் கதவை அடித்தாள். தொலைவில் அவளுடைய மோட்டார் சைக்கிள் கிளம்பிப் போனது.

வாக்கி டாக்கியின் சிவப்பு விளக்கு அணைந்தது.

அணைந்த பிறகும் அது பேசியது, அவளுடைய குரலிலேயே.

“அவசரப்படாத. வெளிய வர எனக்கு ரொம்ப வருசமாச்சு.”