நாலு பழைய பிளக்

கருணாகரன் தன் மெக்கானிக் ஷெட்டைப் பூட்டிவிட்டுக் குவார்ட்டர்ஸுக்கு வந்து சேர்ந்தபோது மணி மூன்றரை. கார்த்திகை மாதத்து அடைமழை. ஊருக்கெல்லாம் கரண்ட் கொடுக்கிற நெய்வேலியில் அன்றைக்குக் கரண்ட் இல்லை. பிளாக் முழுக்க நனைந்த நிலக்கரியின் வாடை அடித்தது.

சத்யப்பிரியா சமையலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எட்டாம் மாதம். காலடியில் ரத்தம்.

அவளைப் பார்க்கிற டாக்டரம்மா கடலூரில் இருந்தார். அவளுக்கு வேண்டிய அபூர்வ வகை ரத்தமும் அங்கேதான் எடுத்து வைத்திருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டால் இரண்டு உயிரையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார் போனில். ஆம்புலன்ஸ் வேறு ரோட்டில், விழுந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தது.

வீட்டில் ஒரு கார் இருந்தது. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தான். பெண்டாட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு கடலூர் வரைக்கும் நடந்தாலும் நடப்பானே தவிர, அதை ரோட்டில் எடுக்க அவனுக்கு மனசில்லை.

அது வேலுமணியின் கார்.

வேலுமணி சுரங்கத்தில் ஆபரேட்டர், பர்மனென்ட். வேகப் பைத்தியம். டர்போ கார் வாங்கி, கம்பெனி கொடுத்த வேகம் போதாதென்று கருணாகரனிடம் டியூனிங்குக்கு விட்டார். கருணாகரன் லேப்டாப்பை மாட்டி, டர்போ இன்ஜினுக்குள் அழுத்துகிற காற்றை ஏற்றிவிட்டான். காற்றை ஏற்றினால், இன்ஜினுக்குள் தீப்பொறி போடுகிற ஸ்பார்க் பிளக்கையும் மாற்றியாக வேண்டும். தேய்ந்த பிளக்கில் முனைகளுக்கு நடுவே இடைவெளி அகன்றிருக்கும். சும்மா ஓட்டினால் ஒன்றும் தெரியாது. அழுத்தி மிதிக்கும்போதுதான், காற்றில் தீக்குச்சி அணைகிற மாதிரி, பொறி அணைந்துபோகும்.

சென்னையிலிருந்து வரவேண்டிய பிளக் அன்று வரவில்லை. கருணாகரன் முன்னே சுரங்கத்தில் கான்ட்ராக்ட் பிட்டராக இருந்தவன். ஷிப்ட் முடிவதற்குள் வண்டி ஓடியாக வேண்டும், மற்றதை அடுத்த ஷிப்ட் பார்த்துக்கொள்ளும் என்பதுதான் அங்கே அவன் கை பழகிய பாடம். பழைய நாலு பிளக்கையும் எமரி பேப்பரில் தேய்த்துத் திரும்பப் போட்டான். "புதுசு மாத்தியாச்சிண்ணே" என்று சாவியைக் கொடுத்தான்.

மறுநாள் காலை குறிஞ்சிப்பாடிக்கு இந்தப் பக்கம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் ஏற்றிய லாரியை முந்தும்போது கார் திணறி நின்றது. எதிரே பஸ். வேலுமணி அங்கேயே போய்விட்டார். ஓவர் ஸ்பீடு என்று ஊர் பேசியது. இன்ஜினை வேறு யாரும் திறந்துவிடக் கூடாதே என்று நொறுங்கிய காரைக் கருணாகரனே வாங்கிக்கொண்டான். நசுங்கியதையெல்லாம் தட்டிச் சரிசெய்தான், பிளக்குகளைப் பிடுங்கி ஏரியில் எறிந்துவிட்டுப் புதுசு போட்டான். வேலுமணியின் மனைவி வளர்மதி, ஞாபகத்துக்கு நீயாவது வைத்திருக்கிறாயே தம்பி என்று அழுதாள். படுபாவி, அதையும் நின்று கேட்டுக்கொண்டான்.

இப்போது அந்தக் காரின் பின் சீட்டில் சத்யப்பிரியாவைப் படுக்க வைத்தான். போனை முன் சீட்டில் போட்டான். கார் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆயிற்று.

வடலூர் தாண்டும்வரை நன்றாகத்தான் ஓடியது. மேகம் இறங்கி, பகலிலேயே லைட் போட வேண்டியிருந்தது. முன்னால் ஒரு சாம்பல் லாரி ஊர்ந்தது. மிதித்தான். டர்போ விசில் எழும்பியது.

டப்.

கார் குலுங்கித் திணறியது. எரியாத பெட்ரோல் வாடை உள்ளே வந்தது. சட்டென்று லாரிக்குப் பின்னால் ஒதுங்கினான்.

மூடிக்கிடந்த டீக்கடை ஓரம் நிறுத்தி, மழையிலேயே பானெட்டைத் தூக்கினான். முதல் பிளக்கைக் கழற்றினான். விரல் சுட்டது.

முனை மழுங்கியிருந்தது. அதன் மேல் எமரி இழுத்த கீறல்கள்.

நாலும் அப்படியே. ஏரியில் எறிந்த அதே நாலு.

டூல்ஸ் பையில் எப்போதும் வைத்திருக்கும் புது செட்டை எடுத்து, தோல் வெந்ததைக்கூடப் பார்க்காமல் முறுக்கினான். கிளம்பினான். இருபது நிமிஷம் போய்விட்டது. பின்னால் சத்யப்பிரியா முனகுவதும் குறைந்துவிட்டது.

மறுபடி ஒரு லாரி. மறுபடி மிதித்தான்.

டப்.

பிரேக் போட்ட வேகத்தில், முன் சீட்டுக்கு அடியிலிருந்து என்னவோ கிணுகிணுவென்று உருண்டு வந்தது.

சற்று முன் அவன் மாட்டிய நாலு புது பிளக்.

அதே நேரம் சீட் பெல்ட் மணி அடிக்கத் தொடங்கியது. பக்கத்து சீட்டில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் அடிக்கிற மணி. ஒரு போன் கனத்துக்கெல்லாம் அது அடிக்காது.

"ஏங்க..." சத்யப்பிரியா தலையைத் தூக்கிப் பார்த்தாள். "முன்னாடி யாருங்க?"

"யாருமில்ல. நீ கண்ண மூடிக்க."

"கேட்டுகினே இருக்காரு. பதில் சொல்லுங்க."

"என்ன கேக்கறாரு?"

"மாத்தினியான்னு."

எத்தனையோ மாதமாகச் சொல்லிப் பழகிய வாய். "மாத்திட்டேண்ணே" என்று அதுவே சொல்லிவிட்டது.

இன்ஜின் செத்துப்போனது.

நடு ரோட்டில், மழையில், எதிரே பஸ்ஸின் வெளிச்சம் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஹாரன் அலறியது. சாவியைத் திருப்பினான். உயிர் இல்லை. மணி மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

கருணாகரன் ஸ்டியரிங்கில் தலையை முட்டி அழுதான். "மாத்தலண்ணே. எமரி போட்டு அதையே மாட்டி உட்டுட்டேன். நான்தான் உன்னக் கொன்னேன். என்ன எடுத்துக்க. அவங்கள உட்டுடு."

மணி நின்றது. இன்ஜின் தானே உறுமியது. ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடித்தான். பஸ் கண்ணாடியை உரசிக்கொண்டு போயிற்று.

அதன் பிறகு கார் எந்த லாரிக்கும் திணறவில்லை. டாக்டரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். சத்யப்பிரியாவை உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்கள். கருணாகரன் வெந்த விரல்களோடு வெளிப் பெஞ்சில் உட்கார்ந்து, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டான். முக்கால் மணி நேரம் கழித்து உள்ளிருந்து குழந்தை வீறிட்டது. நர்ஸ் எட்டிப் பார்த்து, தாய்க்கும் ஆபத்தில்லை, பெண் குழந்தை என்றாள். அவனுக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

சட்டைப் பையில் போன் அடித்தது. வளர்மதி.

"தம்பி," என்றாள். "கொஞ்ச முன்ன உன் நம்பர்லேர்ந்து போன் வந்துச்சி. அவரு கொரலு தம்பி. எட்டு வருசம் கூட வாழ்ந்தவ, எனக்குத் தெரியாதா? 'அவன் மாத்தல, ஒத்துகினான்'னு சொன்னாரு. அவ்ளோதான்."

கதவுக்குப் பின்னால் மகள் தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தாள்.

"எத தம்பி நீ மாத்தல?"

போலீஸ், கோர்ட், ஷெட், பக்கத்து வீட்டார் முகங்கள் எல்லாம் ஒரு நொடியில் அவன் கண்முன் வந்து போயின.

"ஒண்ணுமில்ல அண்ணி" என்று ஆரம்பித்தான்.

உள்ளே குழந்தையின் அழுகை சட்டென்று அறுந்தது.