இருபத்தாறு வாரப் பேச்சு

திங்கள், காலை 8.40. ஒலியியல் கூடத்தின் இரும்பு அலமாரியில் இருக்க வேண்டிய பச்சை அட்டை நோட்டு இல்லை.

நோட்டின் சொந்தக்காரிக்கு வகுப்பில் சூறாவளி என்று பெயர். பிள்ளைக்கு ஊட்டிவிட்டு, தலையை அரைகுறையாகப் பின்னிக்கொண்டு, மணி அடிக்கும்போது வாசலில் வந்து விழுவாள். முப்பத்தொரு வயது. இங்கே தேறி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர இதுதான் அவளுக்குக் கிடைத்த கடைசி வருடம். அடுத்த வருடம் வயது வரம்பு தாண்டிவிடும், சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

மாலை நான்கு மணிக்கு வெளித்தேர்வாளர் வருகிறார். மொழியியல் அறிமுகம் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு சின்னக் குழந்தையின் பேச்சை இருபத்தாறு வாரம் குறித்துவைத்து அவரிடம் ஒப்படைக்க வேண்டும். நோட்டு இல்லையென்றால் தேர்ச்சி இல்லை. தேர்வாளர் கைக்குப் போகும்வரை ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக் கூடாது, ஆசிரியர் உட்பட.

முதல்வர் கையைப் பிசைந்தார். "வெளிய தெரிஞ்சா நம்ம மானம் போயிடும். பேசாம தேர்வாளர்கிட்ட அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லிடலாமே?"

"நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு சார். இன்னிக்கு மட்டும் மத்தவங்க நோட்டைப் பாக்க அனுமதி கொடுங்க," என்றார் மொழியியல் டீச்சர்.

மாணவர்கள் அவரைக் காது டீச்சர் என்பார்கள். பஸ்ஸில் பின்சீட்டுக்காரர் பேசுவதைக் கேட்பதற்காகவே இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டவர். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பது தப்பு என்று அவருக்கும் தெரியும். ஆனால் சம்பளம் கொடுத்துக் கேட்கச் சொன்னால் என்ன செய்வது என்பார்.

9.05. டீச்சர் அறையில் சூறாவளி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வீட்டுல வைக்க வேண்டியதுதானே?"

"வியாழக்கிழமை பையன் ரெண்டு பக்கத்தைக் கசக்கிட்டான் டீச்சர். அதான் வெள்ளிக்கிழமை நாலே காலுக்கு இங்க கொண்டாந்து வச்சேன்."

அப்போது அவள் போன் அலறியது. ஓர் ஆண்குரல் மேசைவரை கேட்டது. "அண்ணி, பையன் சட்டை போடமாட்டேங்கிறான். நீல டப்பா எங்க இருக்கு அண்ணி?"

"கடைசிக் கொழுந்தன்," என்றாள் அவள் கூச்சத்துடன். "வீட்டுல மூணு கொழுந்தன்கள். மாமியார் இல்ல. அவரு லாரி ஓட்டுறாரு, மாசத்துல நாலு நாள்தான் வீட்டுல இருப்பாரு. நான் இங்க வந்தா இவன்தான் பையனைப் பாத்துக்கிறான்."

டீச்சர் தலையாட்டினார்.

10.15. கூடத்து உதவியாளர் சாவிக்கொத்தைக் கையில் வைத்தபடியே நின்றார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் யார் வந்தாங்க?"

"அஞ்சு மணிக்கு ரெண்டு பேரு மேடம். கண்ணாடிப் பொண்ணும் குறுந்தாடித் தம்பியும். ஒலிப்பதிவுக் கருவியைத் திருப்பி வைக்கணும்னாங்க. சாவியைக் கொடுத்துட்டு நான் ஜன்னல் சாத்தப் போனேன்."

"அப்புறம்?"

"பூட்டிட்டு வீட்டுக்குப் போனேன். சனி, ஞாயிறு யாரும் வரல. என்னைச் சந்தேகப்படுறீங்களா?"

"குழந்தை பேசுறதை வச்சு நீங்க என்ன பண்ணப் போறீங்க?"

அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

11.00. கண்ணாடிப் பெண் வகுப்பில் முதலிடம். சூறாவளி இரண்டாமிடம். கேட்டதும் நோட்டை நீட்டினாள். பக்கத்து வீட்டுக் குழந்தையின் பேச்சு, இருபத்தாறு வாரமும் முழுசாக, ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல்.

"இவ்வளவு சுத்தமாவா குழந்தை பேசுச்சு?"

அவள் பையைக் கவிழ்த்தாள். பஸ் டிக்கெட்டு, மருந்துச் சீட்டு, பிஸ்கட் உறை என்று நூற்றுக்கணக்கான துண்டுகள் கொட்டின. எல்லாவற்றிலும் கிறுக்கல்கள். "இதுலதான் குறிச்சேன். ஞாயித்துக்கிழமை உக்காந்து நோட்டுல எழுதினேன். அது தப்பா டீச்சர்?"

"தப்பில்ல. துண்டையெல்லாம் பத்திரமா வை."

11.30. குறுந்தாடி நூலகத்தின் கடைசி மேசையிலிருந்து எழுந்து வந்தார். முப்பதைத் தொடும் வயது, கண் சிவந்திருந்தது.

"முழுசா முடியல டீச்சர். பத்தொம்பது வாரம் ஆயிருக்கு. மீதிக் குறிப்பு இருக்கு, நாலு மணிக்குள்ள எழுதிடுவேன்."

"யார் குழந்தை?"

"என் பொண்ணுதான். இருபது மாசம்."

"வீட்டுல யார் யாரு?"

"நான், மனைவி, பாப்பா. மூணே பேர். மாடியில ஒத்தை ரூம்."

டீச்சர் புரட்டினார். மூன்று பத்தி: நேரம், குழந்தை சொன்னது, அப்போது நடந்தது. 'காலை 5.10. அண்ணி, ஈரம். பாய் நனைந்துவிட்டது.' 'காலை 5.00. அண்ணி தூக்கு. விழித்தவுடன்.' 'இரவு 8.20. லாரி வந்து. தெருவில் சத்தம்.' உயிருள்ள பேச்சு. எந்தக் கற்பனையும் இப்படிப் பேசாது. கடைசிவரை போனவர் மறுபடி முதல் பக்கத்துக்கு வந்து, எதையோ தேடுகிற மாதிரி ஒவ்வொரு வரியிலும் விரலை ஓட்டினார். அரை மணி நேரம் பிடித்தது.

12.20. எல்லோரையும் ஒலியியல் கூடத்துக்கு வரச் சொன்னார். முதல்வர் கதவைச் சாத்தினார்.

"தம்பி, உங்க வீட்டுல அண்ணி யாரு?"

குறுந்தாடி தாடியைத் தடவினார். "பக்கத்து வீட்டு அண்ணி. பாப்பா மேல ரொம்பப் பிரியம்."

"காலைல அஞ்சு மணிக்கு மாடி ஏறி வந்து நனைஞ்ச பாயை மாத்துற அளவுக்கா?"

"சில நாள்..."

"நூத்தி முப்பத்து மூணு நாள் குறிச்சிருக்கீங்க. நூத்தி இருபது நாள் குழந்தையோட முதல் பேச்சே அண்ணிதான். அதை விடுங்க. இதுல இல்லாத ஒண்ணுதான் என் கண்ணுல பட்டுச்சு. பத்தொம்பது வாரத்துல ஒரு தடவைகூட இந்தக் குழந்தை அம்மான்னு சொல்லல."

சூறாவளி வாயைப் பொத்திக்கொண்டாள்.

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "குழந்தைக்கு உறவுமுறை தெரியாது. வீட்டுல இருக்கிறவங்க ஒருத்தரை எப்படிக் கூப்பிடுறாங்களோ, அதுதான் அதுக்குப் பேரு. மூணு கொழுந்தன்கள் காலையிலேருந்து ராத்திரிவரை அண்ணி அண்ணின்னு கூப்பிடுற வீட்டுல, பையன் பெத்தவளை வேற எப்படிக் கூப்பிடுவான்? உங்க ஒத்தை ரூம்ல உங்க மனைவியை அண்ணின்னு கூப்பிட ஆளே இல்ல."

"குழந்தை ஏதோ உளறுதுன்னு நினைச்சேன்," என்றார் குறுந்தாடி.

"அதான் அப்படியே எழுதிட்டீங்க. சொன்னதைச் சொன்னபடி எழுதுங்க, திருத்தாதீங்கன்னு வருஷம் பூரா கத்தினேன். அதை மட்டும் ஒழுங்காக் கடைப்பிடிச்சிருக்கீங்க. வேற யாராவது திருடியிருந்தா அண்ணியை அம்மான்னு மாத்தியிருப்பாங்க. மொழியியல் படிச்சதால ஈயடிச்சான் காப்பி அடிச்சிட்டீங்க."

முதல்வர் பதறினார். "அப்ப நோட்டு? கிழிச்சுப் போட்டிருப்பாரே?"

"எப்படிப் போடுவாரு? இன்னும் ஏழு வாரம் எழுத வேண்டியிருக்கே."

பச்சை நோட்டு நூலகத்தில், அவர் உட்கார்ந்திருந்த மேசைக்குப் பின்னால், தடித்த அகராதிகளுக்கு நடுவில் இருந்தது. கசங்கிய இரண்டு பக்கமும் அப்படியே இருந்தன. சூறாவளி அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் கோபமே வந்தது.

"ஆறு மாசம் தூக்கமில்லாம குறிச்சேன். நீங்க என் பையனை உங்க பொண்ணாக்கிட்டீங்களே!"

குறுந்தாடி ஒரு தாளை எடுத்தார். வேலை, வகுப்பு, நண்பர்கள் என்று ஆறு மாதம் ஓடிவிட்டது, ஒரு நாளும் உட்கார்ந்து கேட்கவில்லை, வெள்ளிக்கிழமை அலமாரியைத் திறந்ததும் கை நீண்டுவிட்டது என்று முதல்வருக்கு எழுதிக் கொடுத்தார். இந்த வருடம் அவருக்குத் தேர்ச்சி இல்லை. வயது இருப்பதால் அடுத்த வருடம் முதலிலிருந்து செய்யலாம்.

3.50. தேர்வாளரின் மேசையில் சூறாவளி தன் நோட்டை வைத்துக் கையெழுத்துப் போட்டாள். தேர்வாளர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "யாரும்மா இந்த அண்ணி?" என்று கேட்டார். "நான்தாங்க," என்றவள் பல வாரங்களுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

4.30. குறுந்தாடி இன்னும் ஒலியியல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் போக முகமில்லை. டீச்சர் எதிரில் வந்து அமர்ந்தார். அவருக்குக் கோபம் வடிந்துவிட்டிருந்தது. வருத்தம்தான் மிச்சம்.

"உங்க பொண்ணு உங்களை எப்படிக் கூப்பிடுவா?"

"அப்பான்னுதான்... இருக்கும்."

"இருக்கும்னு நோட்டுல எழுத முடியாது. கேளுங்க."

அவர் மனைவிக்குப் போன் போட்டார். குக்கர் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் வந்தது.

"என்ன திடீர்னு இப்படிக் கேக்குறீங்க? நான் உங்களைக் கூப்பிடுற மாதிரிதான் அவளும் கூப்பிடுறா. ரெண்டு மாசமா ஏங்க, ஏங்கன்னு உங்க பின்னாலயே வர்றா. நீங்கதான் திரும்பிப் பாக்குறதே இல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இருங்க, உங்க பேரைக் கேட்டதும் ஓடிவர்றா," என்றாள் மனைவி. போன் கைமாறியது. மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. பிறகு சின்னக் குரல், அதட்டலாக, "ஏங்க!" என்றது.

"என்னம்மா?" என்றார் அவர்.