அறுபது மைக்ரான்

இருபது நிமிடத்தில் ஏறியிருக்க வேண்டிய கோடு ஏறவில்லை.

திரையில் மின்னோட்டத்தின் பச்சைக் கோடு தட்டையாக ஓடிக்கொண்டிருந்தது. வெனிங் ஸ்டூலை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். கண்ணாடிக் குவளையில் வெள்ளிக் கரைசல், அதற்குள் கிளிப்பில் தொங்கும் நகத்தளவு வெள்ளைச் சவ்வு. கனம் அறுபது மைக்ரான், ஒரு தலைமுடி அளவு. அதில் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள். மின்சாரம் பாயப் பாய ஒவ்வொரு துளையிலும் வெள்ளி அடியிலிருந்து கம்பியாக வளர்ந்து வெளியே தலைகாட்டும். அந்த நொடியில் கோடு சட்டென்று மேலே எகிறும். உடனே நிறுத்திவிட வேண்டும்.

ஆறு வருடத்தில் அவளுக்கு ஒரு தடவைகூட அது சரியாக வந்ததில்லை. வரவைத்தவன் கூடப் படித்த தெகர். வெனிங் பெயரில் கட்டுரை வெளியானபோது அவன் வளர்த்த கம்பிகளின் படம் இருந்தது, அவன் பெயர் இல்லை. "பாதியில விட்டுட்டுப் போனவனுக்குப் பேர் எதுக்கு?" என்றார் பேராசிரியை பு லஸ்மி. 'பு' என்றால் அங்கே 'அம்மா'; மாணவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வெனிங் தலையாட்டினாள். சொந்த ஊரான மகெலாங்கில் அவன் காய்ச்சலில் செத்தான். ஆய்வகம் இருக்கும் யோக்யகர்த்தாவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணம்தான். அதற்கும் அவள் போகவில்லை.

இப்போது அந்தப் படம் போலி என்று யாரோ ஆய்விதழுக்குப் புகார் எழுதியிருந்தார்கள். இன்று இரவுக்குள் புதிதாக வளர்த்துப் படம் அனுப்ப வேண்டும், இல்லையென்றால் கட்டுரை ரத்து. கட்டுரை போனால் அவளுடைய முனைவர் பட்டமும் போய்விடும்.

ஃபோன் அடித்தது.

"வந்துச்சா?"

"இன்னும் இல்ல, பு."

"அவன் பாட்டுக்கு வறுவலைக் கொறிச்சுக்கிட்டே பண்ணுவான். நீ அத்தன நாள் அவன் பக்கத்துலயே உக்காந்து என்னத்தக் கண்டே?"

"கரைசல்கூட தெகர் கலந்து வெச்சதுதான், பு. அவன் பாட்டிலையே எடுத்துட்டேன்."

"நல்லதாப் போச்சு. நோன்பு தொறந்துட்டு வரேன். எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புல ரெடியா இருக்கணும்."

உங்கள் பெயரும்தானே அதில் இருக்கிறது என்று கேட்க வாய் வரை வந்தது. ஃபோனை வைத்தாள்.

கட்டடம் காலியாகக் கிடந்தது. நோன்பு திறக்கப் பலகாரம் வாங்க எல்லோரும் தெருவுக்குப் போய்விட்டார்கள். மழை ஏசிப் பெட்டியின் தகரத்தில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, புகை உறிஞ்சி ஒரே சுருதியில் முனகியது, எங்கோ மூடாத குழாய் ஒன்று சொட்டிக்கொண்டே இருந்தது. வெனிங் தன் விரல்களைப் பார்த்தாள். அஸர் தொழுகைக்கு ஒளு செய்து, கைகால் கழுவிவிட்டு அவசரமாக ஓடி வந்தவள் அவள். ஈரக் கையில் கையுறை ஏறவே இல்லை. தொழுதுவிட்டு வருவதற்கும் கோடு ஏறுவதற்கும் சரியாக இருக்கும் என்று, கை காயும்வரை காத்திருக்காமல், வெறும் ஈரக் கையாலேயே கிளிப்பை மாட்டிவிட்டுத் தொழப் போனாள். கரைசல் பட்ட இடம் இப்போது கருத்திருந்தது. வெள்ளிக் கரைசல் தோலைக் கருக்கத்தான் செய்யும், ஒரு வாரத்தில் உரிந்து போகும். இந்த ஆய்வகத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரு மணி நேரமாயிற்று. கோடு அசையவில்லை.

எவ்வளவு மின்சாரம் போயிற்று என்று தெரிந்தால் கம்பி எவ்வளவு நீளம் வளர்ந்தது என்று சொல்லிவிடலாம். கணக்குப் போட்டாள். ஒரு சாண் என்று வந்தது. தப்பாகப் போட்டிருப்போம் என்று மறுபடி போட்டாள். ஒரு சாணுக்கும் மேலே வந்தது.

சவ்வை எடுத்துக் கழுவி விளக்கடியில் பிடித்தாள். பால் வெள்ளை. ஒரு துளையிலும் வெள்ளி இல்லை.

அப்படியானால் அத்தனை வெள்ளியும் எங்கே போயிற்று?

திரும்பினாள். கிளிப் காற்றில் தொங்கிக்கொண்டிருந்தது. திரையில் கோடு ஓடிக்கொண்டிருந்தது.

மின்பெட்டியை அணைத்தாள். ஓடியது. பிளக்கைப் பிடுங்கினாள். அப்போதும் ஓடியது.

பசி மயக்கம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விடியுமுன் சாப்பிட்டது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அதுதான், வேறொன்றுமில்லை. ஆனால் கருப்பு இப்போது விரலில் இல்லை. மணிக்கட்டைத் தாண்டியிருந்தது. வலிக்கவில்லை. எலும்பிலிருந்து தோலை நோக்கி, உள்ளேயிருந்து, எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் அரித்தது. சோப்பைத் தேய்த்துக் கழுவினாள். நகத்தால் சுரண்டினாள். போகவில்லை. முழங்கை. சட்டைக் கையைச் சுருட்டப் பயமாக இருந்தது.

நோன்பு திறக்கும் மஃரிப் பாங்கு ஒலித்தது.

கோடு எகிறியது. செங்குத்தாக.

வெனிங் கையைப் பார்த்தாள். தோல் மங்கலாக மின்னியது. மேஜையிலிருந்த சாதாரண ஒளி மைக்ராஸ்கோப்பின் மேடையில் கையை வைத்தாள். விளக்கைப் போட்டாள். பக்கத்துத் திரையில் படம் விழுந்தது.

அவ்வளவு மெல்லிய கம்பிகள் இந்த மைக்ராஸ்கோப்பில் தெரியவே கூடாது. தெரிந்தது. ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒரு கம்பி. ஒரே உயரம். ஒன்றும் சாயவில்லை. தெகரின் படத்தில் இருந்தது போலவே.

கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை. உள்ளங்கைப் பக்கமும் வளர்ந்து மேடைக்குள் இறங்கியிருந்தது.

கதவு திறந்தது. பு லஸ்மி ஈரக் குடையோடும் ஒரு பிளாஸ்டிக் பையில் 'கோலக்' என்ற தேங்காய்ப்பால் இனிப்போடும் உள்ளே வந்தார். "இந்தா, வாழைப்பழம் போட்டது, தித்திப்பா இருக்கும்..." என்றவர் திரையைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தார்.

"அடியாத்தி! இதுலயே இவ்ளோ தெளிவாத் தெரியுதே! எப்படிடி வளத்தே?"

"பு... கை..."

அவர் குனிந்து பார்த்தார். கையைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துக்கொண்டு திரையின் முன் உட்கார்ந்தார்.

"சரி, எடுக்காத. அசைஞ்சா படம் கலங்கிடும்."

"பு, வலிக்க ஆரம்பிக்குது..."

"ஒரே நிமிஷம் கண்ணு. ஃபோகஸ் நிக்க மாட்டேங்குது. மேல மேல வருது பாரு." திருகைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். "இந்தத் தடவை உன் பேரு மட்டும்தான். யாரும் வாயத் தொறக்க முடியாது."

வெனிங் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. நாக்கு முழுவதும், வரிசை வரிசையாக, ஒரே உயரத்தில் வெள்ளி நின்றது. பு லஸ்மி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த படத்தை எடுத்தார்.