மஞ்சள் குழாயின் மறுமுனை

ஊசி இறங்கியிருக்க வேண்டும், இல்லை நின்றிருக்க வேண்டும். குழாயில் ஓட்டை இருந்தால் இறங்கும், இல்லாவிட்டால் நின்ற இடத்தில் நிற்கும். இருபத்தாறு வருடங்களாக மெக்கானிக் இந்த இரண்டு விதிகளை நம்பித்தான் பிழைப்பு நடத்துகிறான். காற்றை உறிஞ்சும் கைப்பம்பை நாலு தடவை அழுத்திவிட்டு விரலை எடுத்தான். உள்ளங்கையளவு மீட்டரில் ஊசி பத்தில் நின்றது, கொஞ்சம் நடுங்கியது, பிறகு பதினொன்றுக்கு ஏறியது. அவன் விரல் பம்பின் மேல் இல்லை.

"மீட்டரும் மாப்பிள்ளை மாதிரிதான்" என்றான் சத்தமாக. "இருக்கறது ஒண்ணு, காட்டறது ஒண்ணு."

சிரிக்க ஆள் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவன் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வெயிலில் தகரக் கூரை அவ்வப்போது டொக்கென்று முறுகியது. பழைய ஆயிலும் சூடான ரப்பரும் கலந்த வழக்கமான வாசனைக்கு அடியில் வேறு ஏதோ ஒன்று, மருந்துக்கடையில் அடிப்பது போல, மெலிதாக இருந்தது. ஆள் பேசாத இடத்தில் மூக்கு தானாகக் கதை கட்டும் என்று அதையும் ஒதுக்கினான்.

வண்டி தங்கையின் புருஷனுடையது. அந்த மனிதர் எதை வாங்கினாலும் அடுத்த வீட்டுக்காரன் ஜன்னலைத் திறக்க வேண்டும் என்பதற்காகவே வாங்குவார். தன் வயதுக்குச் சமமான, ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் பின்சீட்டில் உட்கார்ந்து போன கறுப்புக் கார் ஒன்று சல்லிசாகக் கிடைத்ததும் யானையைக் கட்டித் தீனி போடக் கிளம்பிவிட்டார். அந்தக் காலத்து வண்டிகளில் கதவுகளைப் பூட்டுவது மின்சாரம் அல்ல, காற்று. டிக்கியில் ஒரு பம்ப் இருக்கும். அது உறிஞ்சினால் நாலு கதவும் பூட்டும், ஊதினால் திறக்கும். பம்பிலிருந்து ஒவ்வொரு கதவுக்கும் ஈர்க்குச்சியைவிடக் கொஞ்சம் தடித்த மஞ்சள் குழாய் ஒன்று போகும். குழாயின் மறுமுனையில் கதவுக்குள்ளே ஒரு ரப்பர் சவ்வு. அவ்வளவுதான் சமாச்சாரம். சவ்வு கிழிந்தால் பம்ப் நிற்காமல் உறிஞ்சிக்கொண்டே இருக்கும், பூட்டு கோளாறு செய்யும்.

இதைத்தான் காலையில் மாப்பிள்ளைக்கு விளக்கினான். மாப்பிள்ளை காதில் வாங்கவில்லை.

"தானா பூட்டிக்குது மச்சான். நேத்து வாண்டு உள்ள உக்காந்திருந்தா. சாவி என் பாக்கெட்ல. டொக்குன்னு நாலு கதவும் பூட்டிக்கிச்சு. இருபது நிமிஷம் என்ன பண்ணியும் தொறக்கல."

"தொறந்தப்ப அவ உதடு நீலமா இருந்துச்சு அண்ணா" என்றாள் தங்கை. சொல்லும்போதே கண் கலங்கியது.

எல்லாரும் வாண்டு என்று கூப்பிடும் ஏழு வயது மகள் வண்டியைப் பார்க்காமல் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். "மாமா, அது என் காத்தக் குடிச்சிருச்சு" என்றாள்.

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். வெயிலில் கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் யாருக்கும் மூச்சு முட்டத்தான் செய்யும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், அரண்டவன் பெற்ற பிள்ளைக்குக் கேட்கவே வேண்டாம்.

"ரெண்டு மெக்கானிக் பாத்துட்டாங்க மச்சான். ரெண்டாவது ஆளு பாதி வேலையில ஸ்பேனரக்கூட எடுக்காம போயிட்டான். ஃபோன் பண்ணா எடுக்க மாட்டேங்கறான்." மாப்பிள்ளை குரலைத் தாழ்த்தினார். "முன்னாடி வெச்சிருந்தவர் வண்டிக்குள்ளயேதான் போய்ச் சேர்ந்தாராம். ஹார்ட்டுன்னாங்க."

"எறங்க மனசு வந்திருக்காது. அவ்ளோ பெரிய வண்டியில்ல? அவனுங்கள்லாம் மெக்கானிக்கா மாப்பிள்ளை, நட்டு கழட்டறவனுங்க. அஞ்சு மணிக்கு வாங்க, ரெடியா இருக்கும்."

சாயங்காலம் அவர்கள் மூன்று பேரும் அதே வண்டியில் ஆறு மணி நேரம் பயணம் போக வேண்டும். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. பஸ்ஸில் போகலாம் என்று தங்கை சொல்லிப் பார்த்தாள். "நான் எதுக்கு இருக்கேன்?" என்றான் அவன்.

கோளாறை அரை மணியில் பிடித்தான். பின்பக்க இடது கதவின் உள்பலகையைக் கழற்றினான். சவ்வு ஓரமாகக் கிழிந்திருந்தது. புதிதாக ஒன்றைப் போட்டான். கிழிசலின் விளிம்பு உள்பக்கமாக மடிந்திருந்ததைப் பார்த்தான், அதற்குமேல் அதைப்பற்றி யோசிக்கவில்லை. சீட்டுக்கு அடியில் ஒரு சின்ன புட்டி உருண்டு வந்தது. அதில் பாதிக்குக் கிராம்பு. செத்துப்போன கிழவருக்குப் பல்வலி போலிருக்கிறது. அந்த மருந்துக்கடை வாசனைக்குக் காரணம் கிடைத்துவிட்ட திருப்தியில் புட்டியைக் குப்பையில் எறிந்தான்.

அதற்குப் பிறகுதான் ஊசி ஏற ஆரம்பித்தது.

முன் கதவின் குழாயில் மாட்டிப் பார்த்தான். ஏறியது. வேறு மீட்டர் எடுத்து மாட்டினான். ஏறியது. டிக்கி விரிப்பைத் தூக்கி, பஞ்சுப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த பம்பின் ஒயரைப் பிடுங்கினான், போதாததற்கு பேட்டரியையும் கழற்றினான். இப்போது அந்த வண்டி வெறும் இரும்பு. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினைந்து. ஊசி அவசரப்படாமல், இடைவெளி விட்டு விட்டு ஏறியது. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். ஒரு இழுப்பு.

அவன் பிளாஸ்க்கைத் திறந்து பால் விடாத காப்பியைக் குடித்தான், ஒரு சிகரெட்டைப் பற்றவைத்து முடித்தான். மீட்டரை நம்புகிறவன் தொழில் தெரியாதவன் என்பது அவனுடைய வேதம். அவனுக்கென்று ஒரு வழி இருந்தது. குழாயை உதட்டில் வைத்து ஓர் உறிஞ்சு உறிஞ்சுவான், சட்டென்று நாக்கு நுனியால் ஓட்டையை அடைப்பான். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றால் குழாய் சுத்தம், நழுவினால் எங்கோ ஓட்டை. பத்து எண்ணினால் தீர்ப்பு வந்துவிடும். இதை வைத்தே எத்தனையோ பேரைக் கேலி செய்திருக்கிறான்.

டிக்கிக்குள் குனிந்து, பின் கதவுக்குப் போகும் குழாயைப் பம்பிலிருந்து கழற்றி வாயில் வைத்தான். உறிஞ்சினான். நாக்கை வைத்தான். ஒட்டியது.

ஒன்று. இரண்டு. ரப்பரின் கசப்பு. மூன்று. கூரை முறுகியது. நான்கு. கிராம்பு வாசனை எங்கிருந்து வருகிறது, புட்டியைத்தான் எறிந்தாயிற்றே. ஐந்து. ஆறு.

ஏழில், மறுமுனையிலிருந்து யாரோ உறிஞ்சினார்கள்.

நாக்கு நுனி குழாய்க்குள் போனது. கன்னங்கள் ஒட்டின. வாயில் இருந்த காற்று போனது. தொண்டையில் இருந்தது போனது. மூக்கால் இழுத்தான், இழுத்ததும் அந்த வழியே போனது. ஒரு நிறுத்தம். மறுபடி இழுப்பு. நெஞ்சுக்கூடு உள்பக்கமாக மடிந்தது. கத்தக் காற்று இல்லை. முன்னால் கதவுகளில் டொக். டொக். டொக். டொக். குழாயை இரண்டு கையாலும் பிடித்தான். பிடுங்கினான்.

நாக்கின் தோல் கொஞ்சம் குழாயோடு போயிற்று.

தரையில் உட்கார்ந்து, ரத்தம் கலந்த எச்சிலைத் துப்பிவிட்டு, மேலே பார்த்தான். டிக்கி விளிம்பில் மஞ்சள் குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வெதுவெதுப்பாக ஒரு காற்று அவன் முகத்தில் பட்டது. முதலில் கிராம்பும் சொத்தைப் பல்லும். கொஞ்ச நேரம் கழித்து, காப்பி. சிகரெட். அவனுடைய சொந்த மூச்சு.

அவனுக்குப் பயமாக இருந்தது. ஆறாம் வகுப்பில் கிணற்றில் விழுந்ததற்குப் பிறகு இப்படிப் பயந்ததில்லை. ஆனாலும் பம்பைக் கழற்றி வேலை மேசையில் வைத்தான், நாலு குழாய்களின் வாயிலும் ஆணியை அடித்து அடைத்தான், கதவுகளைச் சாவியால் திறந்தான், உள்பலகையை மாட்டினான், பேட்டரியைப் பூட்டினான். மணி ஐந்தாக எட்டு நிமிடம் இருந்தது.

சொல்ல வேண்டியது என்ன என்று அவனுக்குத் தெரியும். மாப்பிள்ளை, இந்த வண்டி வேணாம், பஸ்ல போங்க. எத்தனை வார்த்தை? ஆனால் சொன்னால் அந்த மனிதர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். மூணாவது மெக்கானிக்கும் கையை விரிச்சுட்டாரு என்று ஊர் முழுக்கச் சொல்வார். இந்த மூஞ்சியிடம் போய், பேய்க்குப் பயந்துவிட்டேன் என்று நிற்பதா? பம்ப் மேசையில் இருக்கிறது. பம்ப் இல்லாத பூட்டு வெறும் பூட்டு. இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான். பதில் சொல்ல ஆள் இல்லாததால் நியாயமாகத்தான் பட்டது. ஐந்தாவது தடவை சொன்னபோது கிட்டத்தட்ட நம்பிவிட்டான்.

அவர்கள் சரியாக ஐந்து மணிக்கு வந்தார்கள்.

"முடிஞ்சுதா மச்சான்?"

"இந்த எழவைத்தான் ரெண்டு பேரு பாத்துட்டு ஓடினானுங்களா? பம்பையே கழட்டிட்டேன். இனிமே சாவி போட்டுப் பூட்டுங்க. கை தேஞ்சுடாது."

"நாக்குல என்ன அண்ணா ரத்தம்?"

"கடிச்சுக்கிட்டேன்."

வாண்டு வண்டியிலிருந்து பத்தடி தள்ளி நின்றாள். வாயில் ஆரஞ்சு மிட்டாய், ஒரு கன்னம் புடைத்திருந்தது. அப்பா கூப்பிட்டார், வரவில்லை. அம்மா கூப்பிட்டாள், வரவில்லை. மாமாவைப் பார்த்தாள்.

"மாமா, அது போயிருச்சா?"

இப்போதும் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை ஓரக்கண்ணால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெக்கானிக் மேசைக்குப் போய்ப் பம்பை எடுத்து வந்து அவள் முன்னால் நீட்டினான். இரண்டு ஒயர்கள் அறுந்த வால் போலத் தொங்கின.

"இதான் அது. மாமா புடுங்கிட்டேன் பாரு. ஏறு."

அவள் பம்பை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். மாமா பொய் சொல்லமாட்டார் என்று யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ, ஏறிவிட்டாள். பின்சீட்டில், இடது பக்கம்.

"மச்சான்னா மச்சான்தான்" என்றார் மாப்பிள்ளை. கதவுகள் மூடின. ஏசி போட்டார், கண்ணாடிகள் ஏறின. வண்டி பட்டறை வாசலைத் தாண்டி, சாலைக்கு இறங்கும் சரிவில் மெதுவாக உருண்டது. பின் கண்ணாடி வழியே வாண்டு கையாட்டினாள். அவனும் பம்பைப் பிடித்திருந்த கையாலேயே ஆட்டினான். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

வண்டி நின்றது.

டொக். டொக். டொக். டொக்.

எஞ்சின் அடங்கியது. தங்கையின் தோள் கதவில் மோதியது. மறுபடி மோதியது. மாப்பிள்ளையின் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவன் ஓடினான். கைப்பிடியை இழுத்தான். அசையவில்லை. பம்பாலேயே பின் கண்ணாடியில் அடித்தான். இன்னொரு தடவை. கண்ணாடி உடையவில்லை, உள்பக்கமாக லேசாகக் குழிந்தது. ஒரு இழுப்பு. ஒரு நிறுத்தம். வாண்டுவின் உள்ளங்கை கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அதைச் சுற்றி மூச்சின் ஆவி படர்ந்தது. சுருங்கியது. பிறகு படரவில்லை.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒயர்கள் இரண்டும் அந்தரத்தில் தொங்க, அவன் கையில் இருந்த பம்ப் மெல்ல ஊதியது. மணிக்கட்டில் வெதுவெதுப்பாகப் பட்டது. ஆரஞ்சு மிட்டாய் வாசனை.