காகிதத்தில் வாங்கிய வீடு

பூட்டு துருப்பிடித்திருந்தது. புரோக்கர் சாவியைப் போட்டு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கணவனும் மனைவியும் கண்கூசும் வெயிலில் வாசலில் நின்றார்கள். கடன் கட்டாததால் வங்கி எடுத்துக்கொண்டு ஏலத்துக்கு விட்ட வீடு அது. ஞாயிறுதோறும் இப்படி ஒரு வீட்டைப் பார்த்துவிட்டு வருவது அவர்களுக்கு வழக்கமாகிவிட்டது.

வாங்குவதற்கு அல்ல. பழகுவதற்கு.

அவன் பெயிண்டுக் கடையில் விற்பனையாளன். அவள் ஒரு பள்ளி அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். கல்யாணம் ஆனதிலிருந்து வாடகை வீடுகளிலேயே காலம் தள்ளியவர்கள். பழைய வீடு ஒன்றை ஏலத்தில் எடுத்து, சரிசெய்து விற்று, கையில் நிற்பதைக் கொண்டு சொந்த வீடு பார்க்க வேண்டும் என்பது ஆசை. ஆனால் தப்பான வீட்டில் கை வைத்தால் சேமித்ததெல்லாம் போய்விடும். அதனால் முதலில் காகிதத்தில் வாங்கிப் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். என்ன விலைக்கு எடுக்கலாம், பழுதுக்கு எவ்வளவு, விற்காமல் கிடந்தால் எத்தனை நாள் தாங்க முடியும். அவன் அறை அறையாகச் சுவரைத் தட்டிக்கொண்டே சொல்வான். அவள் பின்னாலேயே எழுதிக்கொண்டு போவாள். இன்று பூட்டு திறக்கும் முன்பே அவன் தொடங்கிவிட்டான்.

"தரையை மொத்தமா பேத்துட்டோம்னு வச்சுக்கோ."

"ம்."

"பின்பக்கம் ஒழுகுதுன்னு வச்சுக்கோ, கணக்குப்பிள்ளை."

புரோக்கர் சிரித்தார். "எல்லாத்தையும் வச்சுக்கோ வச்சுக்கோன்னு சொல்றீங்க அண்ணே. ஒண்ணையாவது வாங்கித் தொலைங்களேன்!"

"அவசரப்பட்டா உங்களுக்குக் கமிஷன் வரும், எனக்கு மாரடைப்புதான் வரும்."

கதவு திறந்தது. மூடிய அலமாரியின் வாடையும் ஈரச் சுண்ணாம்பின் வாடையும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின. புரோக்கர் கூடத்தைத் தாண்டி வரவில்லை.

"இங்க யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள்.

"ஒரு அம்மா தனியா இருந்தாங்க அக்கா. காலி பண்ண மாட்டேன்னு ஒரே அடம். வங்கியில இருந்து பூட்டு போட வந்தப்போ சாமானெல்லாம் போட்டது போட்டபடி இருந்துச்சு. ஆளைத்தான் காணோம்."

"எங்க போனாங்க?"

"வெளிய போனதை யாரும் பாக்கலை."

கடைசி அறைக்கு ஜன்னல் இல்லை. நடுப்பகல் வெளிச்சம் வாசற்படியோடு நின்றுவிட்டது. அவன் உள்ளே போய்ச் சுவரைத் தட்டினான். மற்ற அறைகளில் கேட்ட சத்தம் இல்லை. உடம்பைத் தட்டுவது போல மெத்தென்று இருந்தது. "ஈரம்னு எழுதிக்கோ" என்றான்.

"எழுதிட்டேன்" என்றாள் அவள். "ஏங்க, இதை யார் வாங்குவாங்க? விக்கலைன்னா என்ன பண்றது?"

அவன் இருட்டுக்குள்ளிருந்து சிரித்தான்.

"விக்கலைன்னா நான் இங்கேயே இருந்துடறேன்னு வச்சுக்கோ."

"சரி."

அவள் சொல்லவில்லை.

"வச்சுக்கறேன்."

கிசுகிசுப்பாக, நிதானமாக, வீட்டுக்கு வந்தவரிடமிருந்து பையை வாங்கிக்கொள்ளும் குரலில் யாரோ சொன்னார்கள்.

அவன் திரும்பினான். "நீயா சொன்ன?"

"நான் வாயே தொறக்கலையே."

இருவரும் விறுவிறுவென்று நடந்தார்கள். வெளியே வந்துதான் மூச்சு விட்டார்கள். வீடு திரும்பிக் கணக்கை முடித்தாள். எந்தப் பக்கம் போட்டாலும் நஷ்டம். கீழே 'வேண்டாம்' என்று எழுதிக் கோடு கிழித்தாள்.

சில நாள் கழித்து, பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவனின் குரல் எங்கோ தள்ளிக் கேட்டது. உதடு எதிரில் அசைந்தது. சத்தம் மட்டும் சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"கொஞ்சம் சத்தமா பேசுங்க."

"கத்திக்கிட்டுத்தானே இருக்கேன்?"

மருத்துவர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்றார். குரல் நாளுக்கு நாள் தள்ளிப் போனது. சட்டையில் பெயிண்டு வாடை போய் ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. அவள் துவைத்துத் துவைத்துப் பார்த்தாள். உடம்பும் மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டு வந்தது.

ஒருநாள் காலை, வெயில் முகத்தில் விழ உட்கார்ந்திருந்தவன் அவள் கையைத் தேடிப் பிடித்தான்.

"ஏன்டி விளக்கை அணைச்ச?"

அவள் அவன் கையை இறுக்கிக்கொண்டாள்.

"பக்கத்துல யாரோ உட்கார்ந்திருக்காங்க" என்றான். "நல்லாத்தான் பேசறாங்க. நீ பயப்படாத."

அவன் பேசி அவள் கேட்டது அதுதான் கடைசி. இதயம் நின்றுவிட்டது என்றார் மருத்துவர். அவள் தலையை ஆட்டினாள். அவனுடைய உடம்பை அனுப்பிவைத்த பிறகும், அவனை அனுப்பிவைத்ததாக அவளுக்குத் தோன்றவில்லை.

ஏலத்தில் அந்த வீட்டை யாரும் எடுக்கவில்லை என்று கேள்விப்பட்டதும் புரோக்கருக்குப் போன் செய்தாள்.

"அக்கா, அது வேணாம்க்கா. உங்க கணக்குலயே தேறலையே."

"தெரியும். சாவி எப்போ குடுப்பீங்க?"

நாத்தனார் போனில் அழுதாள். "அண்ணி, அண்ணன் வாயக் கட்டி வயித்தக் கட்டிச் சேர்த்ததை இப்படியா கொண்டுபோய்க் கொட்டுவீங்க?"

"உங்க அண்ணன் அங்கதான் இருக்கார்" என்றாள் அவள். போனை வைத்துவிட்டாள்.

பத்திரம் பதிந்த மதியமே அங்கே போனாள். ஆட்களைக் கூப்பிடவில்லை. தரையைப் பேர்க்கவில்லை. நேராகக் கடைசி அறைக்குப் போய், சுவரோரம் உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஏங்க."

பதில் இல்லை. வெளியே தெருவில் ஏதோ வண்டி போயிற்று. பிறகு அதுவும் இல்லை.

"ஏங்க, நான்தான்."

உள்ளே ஒரு இருமல். தூங்கி எழுந்ததும் அவன் இருமும் இருமல். வேறு யாருக்கும் அது அப்படி வராது. அவள் கன்னத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை. அலுத்துக் களைத்து வீட்டுக்கு வந்துசேர்ந்தது போலிருந்தது.

"நான் வந்துட்டேன்" என்றாள்.

சுவருக்குள் துணி உரசியது. மெல்ல, நெருக்கியடித்து, இரண்டு பேர் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

நடுவில் ஒருவருக்கு இடம் விட்டு.