நனையாத இடம்

மருந்து தெளிக்கும் ட்ரோன் முதல் வரிசையை முடித்துத் திரும்பியபோது, உழுது போட்ட வெளுத்த மண் ஒரே பட்டையாகக் கறுத்திருந்தது. நடுவில் ஓர் இடம் மட்டும் நனையவில்லை. ஒருவர் குடை பிடித்து நின்றால் அவர் காலடியில் எவ்வளவு மண் காய்ந்து கிடக்குமோ, அவ்வளவு. தொட்டியில் வெறும் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தான் மெக்கானிக். ஆனாலும் பழைய பூச்சிமருந்தின் நெடி குழாய்களில் தங்கியிருந்து, இலைகூட அசையாத அந்தச் சாயங்காலத்தில் தொண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது.

"எதையோ பார்த்து ஒதுங்கிச்சே," என்றார் வியாபாரி. பழைய இயந்திரங்களை வாங்கி விற்கிறவர்; துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் கட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டு வருகிற ரகம். "முன்கண்ணு நல்லா வேலை செய்யுது போல."

"பின்னே? நான் கை வெச்ச சாமான் அண்ணே."

வாய் முந்திக்கொண்டது. அந்த ட்ரோனுக்குக் கண் கிடையாது. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

ட்ரோனைத் தானாக ஓட்டுவதற்குக் கம்பெனி கொடுத்த மூளை, மருந்தடிக்கும் பருவத்தின் நட்டநடுவில் தன்னைத்தானே பூட்டிக்கொண்டது; எங்கள் ஆள் வந்து திறந்தால்தான் பறப்பேன் என்றது. அக்கா புருஷன் ட்ரோனை வண்டியில் போட்டுக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்தார். "கம்பெனிக்காரனுக்கே நான் பாடம் எடுப்பேன் மாமா," என்று கடைத்தெருவே கேட்கச் சொன்னான் இவன். பழைய மூளையைக் கழற்றிவிட்டு, யார் வேண்டுமானாலும் திறந்து பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்று பல தேசத்து ஆர்வலர்கள் கூடி எழுதிய ஓப்பன் சோர்ஸ் ஆட்டோபைலட்டைப் பொருத்தினான். மோட்டார் சொன்னபடி கேட்டது. பம்பும் கேட்டது. எதிரே ஆள் நின்றால் உணர்கிற ரேடார் மட்டும் கம்பெனி பாஷையைத் தவிர வேறு எதையும் பேச மறுத்தது. புது மூளை யோக்கியமானது. முன்னால் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை, கிளம்ப மாட்டேன் என்று ஒவ்வொரு முறையும் திரையில் முறையிட்டது. இவன் என்ன செய்தான்? கிளம்பும் முன் அது செய்கிற சோதனைகளையே அணைத்துவிட்டான். ரேடார் வயரைப் பிடுங்கி, முனையில் டேப் சுற்றி, உள்ளே செருகி மூடினான். 'இது மட்டும் எனக்குத் தெரியல மாமா' என்று சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் முன்னால் மீசையை முறுக்கிவிட்டு, அதைச் சொல்ல மானம் விடவில்லை.

இதே வயலில்தான் மாமா அதற்கு முதுகைக் காட்டி நின்றார். வந்தால் நின்றுவிடும் என்று மச்சான் இவன்தான் சொல்லியிருந்தான். அது நிற்கவில்லை.

அவர் உடலைக் கொண்டுவந்து போட்ட அன்று, வாசலில் கூடியவர்களிடம் இவன் சொன்னான்: "ரேடாரைத் துடைக்காம ஓட்டியிருக்கார். நான் எத்தனை தடவை சொல்றது?" உள்ளே அழுதுகொண்டிருந்த அக்கா சட்டென்று அடங்கிப்போனாள். அதன்பிறகு தெருவில் யார் முகத்தையும் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது வயலோரத்தில், கைகளைக் கட்டிக்கொண்டு, அவள் ட்ரோனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது வரிசை. நேராக வந்த ட்ரோன் நடுவில் மெல்ல விலகி, வளைந்து, மறுபடி நேரானது. நனையாத இடம் ஒன்று; முன்னதைவிட இவர்களுக்குக் கொஞ்சம் அருகில். கையிலிருந்த திரையைப் பார்த்தான். அதில் போன பாதை ஒரே நேர்கோடு, நூல் பிடித்த மாதிரி. திசைகாட்டி குழம்பியிருக்கும். குழாய் அடைத்திருக்கும். காரணம் கண்டுபிடிப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

மூன்றாவது வரிசை. இன்னும் அருகில்.

"சும்மா கிடக்கிற மண்ணுக்கு எதுக்குத் தம்பி ஒதுங்குது?"

"குச்சி நட்டு வெச்சிருக்கேன் அண்ணே. இங்கிருந்து தெரியாது."

காய்ந்த திட்டுகள் மூன்றும் ஒரு வரிசையில் இருந்தன. எதுவோ நடந்து வருகிற வரிசை.

"அப்ப ஆளைப் பார்த்தா ஒதுங்கும்," என்றாள் அக்கா. யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வயலுக்குள் இறங்கினாள்.

"அக்கா, எங்க போற?"

"எனக்கும் ஒதுங்குதான்னு பார்க்கிறேன். அவருக்கு மட்டும் ஏன் ஒதுங்கலைன்னு எனக்குத் தெரியணும்டா."

"வேணாம்."

"ஏன்?"

வியாபாரியும் திரும்பி இவனைப் பார்த்தார்.

"துணி நனைஞ்சிடும்," என்றான்.

அவள் சிரித்துவிட்டாள். மாமா போன பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள். அடுத்த வரிசை எங்கே வருமோ, அங்கே போய் நின்று கண்ணை மூடிக்கொண்டாள்.

நிறுத்தும் விசையில் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்தான். அவளை நெருங்கும்போது அமுக்கினால் போதும். உண்மையும் வெளியே வராது, உயிரும் போகாது. இரண்டு பக்கமும் நட்டமில்லாத பேரம்.

அமுக்கினான்.

திரையில் எழுத்து வந்தது: நின்றது.

ட்ரோன் நிற்கவில்லை.

மறுபடி அமுக்கினான். நின்றது, நின்றது என்றது திரை. இரைச்சல் அவளை நோக்கிப் போனது. தலை உயரத்தில்.

கத்த வேண்டும். அதுக்குக் கண்ணு இல்லக்கா. அவ்வளவுதான். வாய் திறந்தது. வியாபாரி பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கணத்தில் மெக்கானிக் செய்தது, நாய்கூடச் செய்யாதது. மாமா பார்த்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டான்.

பார்த்துக்கொண்டார்.

அவளுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் ட்ரோன் அந்தரத்தில் நின்றது. தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. அக்காவுக்கும் அதற்கும் நடுவில் விழுந்த சாரல், மண்ணுக்கு வரும் முன்பே எதன்மீதோ பட்டு இரண்டாகப் பிரிந்தது. உருண்டையாக ஒன்று. அதன் கீழே இரு பக்கமும் சரிவு. தோள்கள். முதுகு ட்ரோன் பக்கம். முகம் இருக்க வேண்டிய இடம் அக்காவின் பக்கம்.

அவள் கண்ணைத் திறந்தாள். ட்ரோனை மட்டும்தான் பார்த்தாள்.

"நின்னுடுச்சுடா." குரல் உடைந்தது. "அப்ப தப்பு அவர் மேலதானா?"

"விலையைப் பேசி முடிச்சிடலாம்," என்றார் வியாபாரி.

"சொல்லுடா. அவர் தப்புதானா?"

தரையைப் பார்த்தான்.

"ஆமாக்கா."

தண்ணீரில் தெரிந்த தலை, இவன் பக்கம் திரும்பியது.

பம்ப் அடங்கியது. சாரல் நின்றது. இனி அங்கே எதுவும் தெரியவில்லை.

காய்ந்த மண்ணில் ஈரமாக ஒரு கால்தடம் கறுத்தது. இவன் பக்கமாக. அப்புறம் இன்னொன்று. வெறுங்கால். விரல்கள் தனித்தனியாக. அவசரமில்லாத நடை.

அதன் பின்னால் ட்ரோன் தன் வரிசையை விட்டு விலகி, இவனை நோக்கி மூக்கைத் திருப்பியது.

விசை. அமுக்கினான். நின்றது என்றது திரை.

இரைச்சல். முகத்தில் காற்று. மருந்து நெடி. கால் எழவில்லை.

தடங்கள் வந்து, அவன் செருப்பு நுனியோடு நுனி வைத்து நின்றன. அவனுக்கும் ட்ரோனுக்கும் நடுவில். நடுவில் மாமா இருக்கிறார். இருக்கும்வரை வராது. வராது.

"மாமா," என்றான்.

ஈரத் தடம் ஒன்று பக்கவாட்டில் விழுந்தது. மற்றொரு காலும் அதனருகே வந்து சேர்ந்தது. வழி விட்டு, ஓரமாக நின்றது.